டோர்ஃபிக்காகக் கட்டிய அரங்கம்

வடக்கே பனிக்கடல் ஓரத்து மீன்பிடி ஊர் எங்களுடையது. இங்கே ஒருவன் "எனக்கு இது நல்லா வரும்" என்று சொல்லிவிட்டால் போதும், அவன் கதை கந்தல். அதன்பிறகு ஒரு ஆணி அடிக்கக்கூட அவனைக் கூப்பிட மாட்டார்கள். "எனக்கு என்ன தெரியும்" என்று தலையைச் சொறிகிறவனைத்தான் தேடிப்போவார்கள். படகு எஞ்சின் படுத்துவிட்டாலும் அவன்தான், தேவாலயத்தில் பாட ஆள் குறைந்தாலும் அவன்தான். இப்படிப்பட்ட ஊரில் ஒருவனுக்கு நிஜமாகவே ஒன்று வரவில்லை என்றால் அதை அவன் எந்த வாயால் சொல்வது? டோர்ஃபி சொல்லிப் பார்த்தான். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

டோர்ஃபியும் நானும் ஒரே வகுப்பு. கூடைப்பந்தில் பந்தைக் கொண்டுவருவது என் வேலை, கூடையில் போடுவது அவன் வேலை. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த இந்தப் பங்கீடு, இருவருக்கும் கல்யாணமாகி, எனக்கு முன்மண்டை வழுக்கையான பிறகும் மாறவில்லை. பகலில் அவன் மீன் ஆலையில் இருந்தான், நான் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். சாயங்காலம் சமூகக்கூடத்தில் ஆடினோம்.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாடகத்துக்கும், கல்யாணத்துக்கும், சாவு வீட்டுக் காபிக்கும் கட்டியது. ஒரு கோடியில் மேடை, மறு கோடியில் சமையலறை ஜன்னல். கூரை மகா தாழ்வு. குறுக்கே மூன்று உத்தரங்கள். பந்தை முறைப்படி உயர்த்தி எறியக் கற்ற வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து எறிந்தால் உத்தரத்தில் டம் என்று அடித்துத் திரும்பி அவர்கள் மூக்கிலேயே விழும். டோர்ஃபியின் எறி வேறு. சின்ன வயதிலிருந்தே துறைமுகத்தில் கோட் மீனைத் தரம் பிரித்துத் தொட்டிகளில் வீசி வளர்ந்தவன். அதே வீச்சில் பந்து உத்தரத்தின் வயிற்றை உரசுகிற மாதிரி தட்டையாகப் போய், கூடைப் பலகையில் பட்டு, உள்ளே விழுந்துவிடும். இரண்டு பேர் மேலே விழுந்து மறித்தாலும் அவனுக்கு ஒரு சாண் வழி போதும். ஒரே ஆட்டத்தில் நாற்பது, ஐம்பது என்று எடுப்பான். மற்ற அணிகள் கூலிக்குக் கொண்டுவந்த அமெரிக்கர்களையும் சேர்த்து, நாங்கள் ஆடிய இரண்டாம் பிரிவிலேயே அதிகப் புள்ளி எங்கள் டோர்ஃபிதான். தலைநகரத்துப் பத்திரிகை அவன் படத்தைப் போட்டது, மீன் ஆலை ஏப்ரனோடு.

வெளியூர் ஆட்டங்களில் அவன் எடுத்ததைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. பத்து, பன்னிரண்டு. சில நாள் அதுவும் இல்லை. ஆனால் அதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து வெளியே போகிற மலைப்பாதையில் வளைவுகள் அப்படி, டோர்ஃபிக்கு வேனில் ஏறினாலே குமட்டும். "அந்த ரோடு பையன் குடலைப் பிடுங்கிடுது, பாவம். அப்புறம் எப்படி ஆடுவான்?" என்பார்கள் ஊர்ப் பொது வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை முங்கிக்கொண்டு. குமட்டல் உண்மைதான். ஆனால் இறங்கி ஒரு காபி குடித்தால் அவன் சரியாகிவிடுவான். பிறகும் பந்து விழாது. கூடப் போன ஏழெட்டுப் பேருக்குத்தான் அது தெரியும்.

ஒரு வருடம் நாங்கள் சொந்தக் கூடத்தில் எல்லோரையும் ஜெயித்து முதல் பிரிவுக்குப் போகத் தகுதி பெற்றோம். கூடைப்பந்துச் சம்மேளனம் உடனே சொல்லிவிட்டது: இந்தக் கூரைக்குக் கீழே முதல் பிரிவு ஆட முடியாது. ஸ்டைன்வோர் அதே கூடத்தில் ஊர்க் கூட்டம் கூட்டினாள். மீன் ஆலையில் மேஸ்திரியும் அவள்தான், எங்கள் விளையாட்டு மன்றத்துக்குத் தலைவியும் அவள்தான். அவள் இருமினால் ஆலையில் மெஷின் நிற்கும்.

"பிள்ளைங்களா, ரெண்டே வழி. ஒண்ணு, கிடைச்சதை வேணாம்னு சொல்லிட்டுக் கீழேயே கிடக்கணும். இல்லேன்னா புதுசா ஒரு அரங்கம் கட்டணும். கீழேயே கிடக்கலாம்னு சொல்ற ஆம்பளை யாராவது இங்க இருக்கீங்களா?"

டோர்ஃபி எழுந்தான். "நான் சொல்றேன்."

சமையலறைப் பக்கம் கோப்பை வைக்கிற சத்தம்கூட நின்றது.

"கட்டாதீங்க" என்றான். "எனக்கு இங்க மட்டும்தான் விழும். வெளியில போய் எத்தனையோ தடவை பாத்துட்டேன், விழல. ரோட்டைச் சொல்லாதீங்க, ரோடு ஒண்ணும் பண்ணல. மேல அந்த உத்தரம் இல்லேன்னா கூடை எங்க இருக்குன்னே எனக்குப் புரிய மாட்டேங்குது. நான் ஒண்ணும் பெரிய ஆட்டக்காரன் இல்ல. இந்தக் கூரைதான் ஆடுது."

 அப்புறம் பின் வரிசையில் மார்ட்டைன் கிழவர், எங்கள் ஊரின் பழைய படகுத் தலைவர், தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டீங்களா? கூரை ஆடுதாம்!" அவ்வளவுதான். கூடம் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரன் எழுந்து நின்று, ஊருக்குச் செலவு வைக்கக் கூடாது என்று தன்னையே மட்டம் தட்டிக்கொள்கிறானே!

"அடக்கம்னா இதுதான். பெத்த வயிறு குளிர்ந்திருக்கும்" என்றாள் ஒருத்தி.

எனக்கு எரிந்தது. எழுந்து, "அவன் நெசத்தைச் சொல்றான். நான் கூடவே போனவன். வெளியூர்ல இவன் எறியுறது ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன்.

"உக்காரு இல்லுகி" என்றாள் ஸ்டைன்வோர். "பாஸ் பண்றவனுக்குப் பேப்பர்ல படம் வராது. அதுக்காக இப்படியா?"

கூடம் இன்னொரு தடவை சிரித்தது. பொறாமைக்காரன் என்று முத்திரை விழுந்தபின் ஒருவன் என்ன பேசினாலும் அது பொறாமையாகத்தான் கேட்கும். உட்கார்ந்தேன். டோர்ஃபி இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி சுன்னீவா அவன் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"போதும்டா, ரொம்பத்தான் கூச்சப்படாத" என்றாள் அவன் காதில். அவளுமே நம்பவில்லை.

பிறகு ஊர் வெறிபிடித்ததுபோல வேலை செய்தது. மன்றத்துக்கு நிதி சேர்க்க எங்களிடம் உள்ள வழி எங்கள் நாட்டில் எல்லா ஊரிலும் உள்ள வழிதான், வீடு வீடாகக் கழிப்பறைக் காகிதம் விற்பது. விற்றவர்களும் நாங்கள்தான், வாங்கியவர்களும் நாங்கள்தான். ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் காகிதச் சுருள்கள் கூரை முட்ட நின்றன. ஊருக்கே பேதி கண்டாலும் பேரன் காலம்வரை தாங்கும். காகிதம் போதாதென்று கருவாடு விற்றோம். கப்பல்காரர்கள் ஒரு நாள் மீனைக் கொடுத்தார்கள். வாரக் கடைசியில் ஆண்கள் கான்கிரீட் கலந்தார்கள், பெண்கள் ஆட்டிறைச்சி சூப் வைத்தார்கள். டோர்ஃபியும் வந்தான். கூரைக்கான பெரிய மரங்களை ஏற்றும்போது முதல் ஆளாகத் தோள் கொடுத்தது அவன்தான். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பார்கள். நாங்கள் சித்திரம் நன்றாயிருக்கிறது என்று சுவரை இடித்துப் பரிசு கொடுத்தோம்.

கோடை முடியும்முன் தரை போட்டாகிவிட்டது. திறப்பு விழாவுக்கு முன்னால் நாங்கள் இருவர் மட்டும் சாவி வாங்கிக்கொண்டு போனோம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை ஏதோ வானம் மாதிரி தூரத்தில் இருந்தது. கூடைக்குப் பின்னால் சுவர் இல்லை, வெறும் இடம், அதற்கப்பால் படிப்படியாக இருக்கைகள்.

நான் பாஸ் கொடுத்தேன். எறிந்தான். வளையத்தின் முன் இரும்பில் பட்டுத் திரும்பியது. மறுபடி. அதே இரும்பு. உயர்த்தி எறிந்து பார்த்தான், பலகையையே தாண்டிப் போனது. புது வார்னிஷ் வாசனைக்கு நடுவில் அவன் வேர்த்து ஊற்றிக்கொண்டு எறிந்துகொண்டே இருந்தான். எனக்கு வாயில் ஏதாவது கேலி வரும் எப்போதும். அன்று வரவில்லை.

"பழகிடும்டா" என்றேன்.

"உனக்குமா இல்லுகி?" என்றான். "நீயாவது அப்படிச் சொல்லாத."

அதன்பிறகு நான் சொல்லவில்லை. திறப்பு விழாவரை தினமும் போனோம். அவனுடைய பழைய எறியை மாற்ற முயன்றோம். புதியது வரவில்லை, பழையதும் கையைவிட்டுப் போனது. முப்பத்திரண்டு வயதில் ஒருவனுக்கு நடக்கிற விதத்தை மாற்றச் சொன்னால் மாற்றுவானா?

திறப்பு விழாவில் பாதிரியார் ஜெபம் செய்தார், பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள், ஸ்டைன்வோர் மைக்கில் அழுதாள். எதிரணி டோர்ஃபியை மறிக்க இரண்டு பேரைப் போட்டது. அவன் பெயர் அப்படி. அவன் எடுத்தது நான்கு புள்ளி. "ரெண்டு பேர் மறிச்சா என்ன பண்ணுவான்?" என்றது ஊர். அடுத்த ஆட்டத்தில் "புதுத் தரை வழுக்குது" என்றது. அப்புறம் "கண்ணுக்கு விளக்கு அடிக்குது" என்று சொல்லி விளக்குகளை மாற்றினார்கள். கிறிஸ்துமஸுக்குள் எதிரணிகள் இரண்டு ஆளை ஒன்றாக்கிவிட்டன. யாரும் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. கடையில் நின்றால் தோளைத் தட்டினார்கள். "அடுத்த தடவை பாரு, கொட்டப்போற" என்றார்கள். அவன் முகம் வாரத்துக்கு வாரம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

ஊரே கூடிச் சாப்பிடுகிற நடுக்குளிர் விருந்து வந்தது. பழைய கூடத்தில்தான். புளிக்கவைத்த சுறா, தீயில் வாட்டிய ஆட்டுத்தலை, தொண்டையைக் கிழிக்கிற சாராயம். சாப்பாட்டுக்குப் பிறகு மேடையில் கேலி நாடகம். ஊரில் அந்த வருடம் யார் யார் என்னென்ன கூத்தடித்தார்களோ எல்லாவற்றையும் நடித்துக் கிழிப்பார்கள். கேலிக்கு ஆளாவதுதான் எங்களுக்கு மரியாதை. டோர்ஃபி இல்லாமல் ஒரு வருடமும் நாடகம் நடந்ததில்லை. வேனில் அவன் வாந்தி எடுப்பதை மட்டும் ஆறு விதமாக நடித்திருக்கிறார்கள்.

அன்று மேடையில் ஸ்டைன்வோரை வைத்து வாங்கினார்கள். கழிப்பறைக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு ஒருவன் மணப்பெண்ணாக வந்தான். பாதிரியாரைக் கிழித்தார்கள். என் வழுக்கைக்குத் தனியாக ஒரு பாட்டே இருந்தது. டோர்ஃபி என் எதிரில், கையில் கரண்டியோடு, சிரிப்பதற்குத் தயாரான முகத்தோடு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாடகம் முடிந்து திரை விழுந்தது. அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லோரும் நாற்காலியை ஓரங்கட்டி ஆட ஆரம்பித்தார்கள்.

"என்னை விட்டுட்டாங்கடா" என்றான்.

"மறந்திருப்பாங்க பங்காளி."

"மறக்கல. பாவம் பாத்துட்டாங்க." கரண்டியைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தான். "செத்துப்போனவனைத்தான் நாடகத்துல விடுவாங்க."

 சாராயத்தை ஊற்றிக் கொடுத்தேன், அவன் குடிக்கவில்லை.

கடைசி ஆட்டம் எங்கள் அரங்கத்தில், தலைநகரத்து அணியோடு. ஜெயித்தால் முதல் பிரிவில் இருப்போம். தோற்றால் கீழே போவோம், போனால் மறுபடி ஒரு அணியைச் சேர்க்க ஆள் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருந்தவர்களைத் தவிர ஊரே வந்திருந்தது. கடிகாரத்தை இயக்குகிற மேசையில் சுன்னீவா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே எதிரணியின் பெஞ்சு. ஆட்டத்துக்கு முன்னால் அவர்களுடைய பயிற்சியாளர் ஒரு புது ஆட்டக்காரனிடம், "அந்தப் பெரிய ஆளை விட்டுடு. அவனுக்குக் காவல் வேணாம், அவன் போட மாட்டான். நீயும் போய் அந்த வழுக்கையை மறி" என்று சொன்னது அவள் காதில் விழுந்ததாம். அவள் டோர்ஃபியைப் பார்க்கவில்லை, விரலால் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அப்படியே நடந்தது. என் மேல் இரண்டு பேர். டோர்ஃபி பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. அவன் எங்கே நின்றாலும் அவனைச் சுற்றித் தரை காலியாக இருந்தது. வாழ்நாள் முழுக்க ஆட்களை முதுகில் சுமந்து எறிந்தவன், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றான். மற்ற பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடியதால் கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். பந்து என் கையில். இரண்டு பேரும் என்னை மூலையில் நெருக்கிவிட்டார்கள். ஊரே எழுந்து நின்று கத்தியது: "டோர்ஃபி! டோர்ஃபி சும்மா நிக்கிறான்! அவனுக்குப் போடு!"

வேறு யாருக்கும் வழியில்லை. அவனுக்குப் போட்டேன்.

பந்தைப் பிடித்தான். அவனுக்கு அவசரமே இல்லை, யாரும் ஓடி வரவுமில்லை. கூடையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். எறிந்தான். முன் இரும்பு. பந்து திரும்பி அவன் காலடிக்கே உருண்டு வந்தபோது சங்கு ஊதியது.

அப்புறம் கை தட்டினார்கள். முதலில் மார்ட்டைன் கிழவர், அப்புறம் ஸ்டைன்வோர், அப்புறம் எல்லோரும், எழுந்து நின்று, நிறுத்தாமல். எதிரணிக்காரர்களும் தட்டினார்கள். டோர்ஃபி நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தான். 

"எதுக்குடா தட்டுறாங்க?" என்றான் என்னிடம். "ஒருத்தராவது திட்டக் கூடாதா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. ஐந்தாறு மாதமாக அடக்கியது எல்லாம் வந்தது. "டேய் டோர்ஃபி!" என்று கத்தினேன், கைதட்டலையும் மீறி. "உனக்கு வராதுடா! ஒரு மண்ணும் வராது! மாட்டுக்கு முன்னாடி கூடையை வச்சாலும் அது உன்னைவிட நல்லாப் போடும். ஊரைக் கவுத்துட்டியேடா பாவி! அந்தக் கொட்டகையை விட்டா நீ ஒண்ணுமே இல்ல. நீயேதான் சொன்ன, ஒருத்தன் கேக்கல. நான் கேட்டேன்டா. நீ சொன்னது நெசம்!"

தட்டல் நின்றுவிட்டது. அரங்கம் புதிது, என் குரல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. டோர்ஃபியின் முகம் தளர்ந்தது. அந்த வருடத்தில் முதல் தடவையாக மூச்சை முழுதாக விட்டான்.

"இன்னொரு தடவை சொல்லுடா" என்றான் மெதுவாக.

சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்முன் ஸ்டைன்வோரின் தம்பிமார் என்னை அக்குளில் பிடித்து வெளியே இழுத்துப் பனியில் தள்ளினார்கள்.

அணி கீழே போனது, அடுத்த இலையுதிர்காலத்தில் கலைக்கப்பட்டது. டோர்ஃபி பந்தைத் தொடவே இல்லை, இழுவலை போடும் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். அரங்கத்தில் இப்போது வியாழக்கிழமைகளில் நான்கு பேர் பேட்மிண்டன் ஆடுகிறார்கள். நடந்ததற்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டாமா? ரோடு போய்விட்டது, தரை போய்விட்டது, விளக்கு போய்விட்டது. மிச்சம் இருந்தது நான்தான். "இல்லுகி அன்னிக்கு அப்படிக் கேவலப்படுத்தலேன்னா பையன் மனசு உடைஞ்சிருக்காது. அடுத்த வருஷம் கொட்டு கொட்டுனு கொட்டியிருப்பான்." இதை என் காதுபடவே சொல்வார்கள். என் பேருந்தில் வந்துகொண்டிருந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளை அப்பன்மாரே காரில் கொண்டுபோய் விட்டார்கள். நான் பொருட்படுத்தவில்லை. டோர்ஃபிக்குத் தெரியும், எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

போன வசந்தத்தில் அவன் கப்பல் கரைக்கு வந்திருந்தது. வெந்நீர்த் தொட்டியில் நான் இருந்தேன், மார்ட்டைன் கிழவர் இருந்தார், ஆலைக்காரர்கள் இருவர் இருந்தார்கள். டோர்ஃபி வந்து இறங்கினான். தாடி நரைத்திருந்தது. இடம் கொடுக்கிற சாக்கில் எல்லோரும் என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"பேப்பர்ல பாத்தியா டோர்ஃபி" என்றார் கிழவர். "இப்ப ஆடுறவனுங்க எடுக்குறது என்னத்த? நீ மட்டும் தொடர்ந்து ஆடியிருந்தா..." என் பக்கம் தாடையை நீட்டினார். "இந்த மனுஷன் வாய் மட்டும் இல்லேன்னா, அந்த அரங்கத்துல நீ என்னென்ன பண்ணியிருப்ப!"

நான் டோர்ஃபியைப் பார்த்தேன். அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். ஊர்க் கூட்டத்தில் தனியாக எழுந்து நின்று சொன்னவன்தானே. ஆவிக்கு நடுவில் அவனும் என்னைப் பார்த்தான். எத்தனையோ வருடம் கடலில் கிடந்து வந்த களைப்பு அந்தக் கண்ணில் இருந்தது.

"ஆமா" என்றான். "பண்ணியிருப்பேன்."

கிழவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஆலைக்காரர்கள் இருவரும் அவன் தோளைத் தட்டினார்கள். நான் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை.